நிறுத்தம் இல்லாத இடத்தில்

ஜூன் 4

என்னங்க,

கடிதத்தில் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக வாயில் வருவது இதுதான், கையிலும் இதுவே வருகிறது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நம் பெண்ணுக்குப் பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்கிறார்கள். பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, முகம் தெளிவாக இருக்கிறது. மாப்பிள்ளை பேருந்து நிலையத்துக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். அங்கே என்னை ஏற்றிவிட நீங்கள் வரவில்லை. இதை எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

போனில் பேசலாமே என்பீர்கள். என் காதுக்குப் போன் என்றால் தகர டப்பாவுக்குள் கல்லை உருட்டுகிற மாதிரி. நீங்கள் சொல்வதைப் பெண் என் காதில் கத்தி, நான் சொல்வதை உங்களிடம் மெதுவாக்கிச் சொல்லி... புருஷன் பெண்டாட்டி சண்டையை மகள் வாயால் போட முடியுமா? அதனால்தான் காகிதம்.

கிளம்புவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொன்னதை நீங்கள் கேட்கவில்லை. காது மந்தமானவள் என்பதால் நான் பேனாவும் நோட்டுமாகப் போனேன். நல்ல காது உள்ள நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் குறித்துக்கொண்டதை அப்படியே எழுதுகிறேன்: கெண்டைக்காலுக்குப் போகிற ரத்தக்குழாய் குறுகியிருக்கிறது. நடந்தால் வலிப்பது அதனால்தான். மாத்திரையை விடக் கூடாது. சிகரெட் பக்கம் திரும்பக் கூடாது. தினம் நடக்க வேண்டும். வலி அதிகமானால் நிற்க வேண்டும், வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். அரை மணியில் ஆரம்பித்து முக்கால் மணி வரை. மூன்று மாதம். செப்டம்பர் மூன்றாம் தேதி பார்ப்போம். தேறவில்லை என்றால் ஆபரேஷன்.

ஆபரேஷன் என்றதும் உங்கள் கை நாற்காலிப் பிடியை இறுக்கியதை நான் பார்த்தேன். வெளியே வந்து, "முப்பத்தஞ்சு வருஷம் பஸ் ஓட்டின காலு. இதுக்கு நீ நடை பழக்கித் தர்றியா?" என்றீர்கள். பதிலுக்கு நானும் ஒன்று சொன்னேன். அதை இங்கே திருப்பி எழுத மாட்டேன்.

கட்டிலுக்கு அடியில் புது ஷூ வைத்திருக்கிறேன், உள்ளே காலுறையும் இருக்கிறது. சமையலறை ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது. தேதி, எத்தனை நிமிஷம், எங்கே வலித்தது என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். வாரம் ஒரு முறை அதைப் பார்த்து எழுதி அனுப்புங்கள். கடவுள் துணையிருப்பார். கால் மட்டும் உங்களுடையது.

நீங்கள் வைத்த பெயரிலேயே,
கணக்குப்பிள்ளை


ஜூன் 12

கணக்குப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. மாத்திரை போடுகிறேன். நடக்கிறேன். ஐந்தாம் தேதி முதல் பதினொன்றாம் தேதி வரை தினமும் முப்பது நிமிஷம். வலி கொஞ்சம்.

ஏற்றிவிட ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறாய். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் முப்பத்தைந்து வருஷம் ஏற்றிவிட்டாயிற்று. ஓய்வு பெற்றவனை வேலைக்குக் கூப்பிடக் கூடாது.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, சரி செய்தேன். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. இது புகார் இல்லை, தகவல்.

பெண்ணிடம் தைரியமாக இருக்கச் சொல்.


ஜூன் 19

என்னங்க,

நீங்கள் தாத்தா ஆகிவிட்டீர்கள். போனில் மாப்பிள்ளை சொல்லியிருப்பார், ஆனால் நான் சொன்ன மாதிரி ஆகுமா? பதினைந்தாம் தேதி காலை ஆறு இருபதுக்குப் பேத்தி. இரண்டு கிலோ தொள்ளாயிரம். சுகப்பிரசவம். பிறந்ததும் அழவில்லை, எல்லாரையும் முறைத்துப் பார்த்தது. யார் சாயல் என்று நான் எழுதப் போவதில்லை.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். ஏழு நாளும் முப்பது நிமிஷம். ஒரு நாள் இருபத்தெட்டு இல்லை, ஒரு நாள் முப்பத்தொன்று இல்லை. பதினொரு வருஷமாக நான் நடக்கிறேன், இப்படி ஒரு வாரம் எனக்கு அமைந்ததே இல்லை. அதுவும் ஒன்பதாம் தேதி விடியற்காலை முதல் மதியம் வரை அங்கே கொட்டித் தீர்த்ததாம். மாடி வீட்டு டீச்சர் குழந்தையைப் பற்றி விசாரிக்கப் போன் செய்தபோது பெண்ணிடம் சொன்னார். குடை பிடித்து நடந்தீர்களோ? குடை என்னிடம்தான் இருக்கிறது.

ஒன்று செய்யுங்கள். சின்னப் பிள்ளைகள் காசை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்களே, அதுபோல அந்த ஷூவைக் கவிழ்த்து வைத்து, அடியில் ஒரு தாளைப் பரப்பித் தேய்த்து அனுப்புங்கள். தேய்மானம் தெரிந்துவிடும்.

என்னைப் போலீஸ்காரி என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை


ஜூன் 26

கணக்குப்பிள்ளைக்கு,

தாள் இத்துடன் இருக்கிறது. நீயே பார். கடையில் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும், இடது குதிகால் ஓரம், கொஞ்சம் தேய்ந்திருக்கும். அது ஒரு நாள் தேய்மானம். அந்த ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

நீ போன மறுநாளே ஷூ போட்டேன். எங்கே நடப்பது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நம் வீட்டு முனை, தண்ணீர்த்தொட்டி நிறுத்தம். அடுத்தது மில் கேட். பஸ்ஸில் ஒன்றரை நிமிஷம். காலாலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன் என்றால் சிரிப்பாய்.

பாதி தூரத்தில் கெண்டைக்காலை யாரோ கயிறு போட்டு முறுக்கினார்கள். நின்றிருக்கலாம். நிற்கவில்லை. நிறுத்தம் இல்லாத இடத்தில் நான் ஒரு நாளும் நிறுத்தினதில்லை. அமைச்சர் வீட்டுக் கல்யாணக் கூட்டம் குறுக்கே நின்று கை காட்டியபோதும் நிறுத்தாதவன். மில் கேட் கண்ணுக்குத் தெரிகிறது. அதுவரை போய்விட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். நிறுத்தத்துக் கம்பத்தைப் பிடிக்கக் கை நீட்டினேன், கால் கேட்கவில்லை. முழங்கால் மடங்கி விழுந்தேன்.

இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். "ஐயோ, இவரு நம்ம பஸ் டிரைவர்டி" என்றாள் மற்றவள். அதுதான் வலித்தது. ஒரு வண்டி பிடித்து வீட்டில் விட்டார்கள். முழங்காலில் சிராய்ப்பு, ஆறிவிட்டது. அதற்குப் பிறகு வாசல் தாண்டவில்லை. உன் நோட்டில் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நீ சொன்னாயே, "விழுந்தா என்னைக் கூப்பிடாதீங்க, நான் தூக்க மாட்டேன்" என்று. நீ தூக்கவில்லை, யாரோ தூக்கினார்கள். இதைக் குத்திக் காட்ட எழுதவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பேத்திக்கு என் முறைப்பு வந்திருப்பது நல்லது. பிற்காலத்தில் உதவும்.


ஜூலை 2

என்னங்க,

தாளை மடித்து என் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

நான் சொன்னது தப்பு. அன்றைக்கு எனக்குப் பயம். என் பயம் எப்போதும் கோபத்தின் புடவையைக் கட்டிக்கொண்டுதான் வெளியே வருகிறது, உங்களுக்குத் தெரியாதா? கட்டிலில் கிடக்கிற உங்களை நான் ஒருத்தியாகப் புரட்டிப் படுக்க வைக்கிற மாதிரி ஒரு காட்சி அந்த வராந்தாவிலேயே கண் முன்னால் வந்தது. அறுபத்தொரு வயதில் என் இடுப்பு அதற்குத் தாங்காது என்று தெரிந்தது. அதைத்தான் அப்படிச் சொன்னேன். அந்தப் பெண்கள் இருவருக்காகவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். பெயர் தெரியாததால் 'மில் கேட் பெண்கள்' என்றே சொல்கிறேன், கடவுளுக்குப் புரியும்.

இப்போது திட்டப் போகிறேன். நிறுத்தத்தில்தான் நிற்பேன் என்று யாராவது காலோடு பந்தயம் கட்டுவார்களா? பின்னால் டயம் கீப்பரா உட்கார்ந்திருக்கிறார்? வலி வருகிற இடம்தான் உங்களுக்கு நிறுத்தம். டாக்டரம்மா நிற்கச் சொன்னது இளைப்பாறுவதற்கு இல்லை, அதுவும் மருந்தில் ஒரு பாதி. வலித்து, நின்று, ஆறி, மறுபடி நடந்தால்தான் ரத்தம் பக்கத்தில் உள்ள சின்னச் சின்னக் குழாய்களில் வழி பண்ணிக்கொள்ளும் என்று விளக்கினார். நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பெரிய சாலை வேண்டாம். நம் தெருவிலேயே நடங்கள். விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன, சாய்ந்துகொள்ளலாம். அடிகளை எண்ணுங்கள். எத்தனையாவது அடியில் வலிக்கிறது என்பதைத்தான் நோட்டில் எழுத வேண்டும். நூறு என்றால் நூறு. எனக்கு நல்ல எண் வேண்டாம், நிஜ எண் வேண்டும்.

வேகம் எப்படித் தெரியும் என்றால், நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். நடந்துகொண்டே வாய்விட்டுப் பிரார்த்தனை சொல்வேன். வார்த்தை தடங்கலில்லாமல் வந்தால் வேகம் சரி. மூச்சு வாங்கி வார்த்தை அறுந்தால் வேகம் கூடிவிட்டது. பாட்டாகவே வந்துவிட்டால் சோம்பேறித்தனம், கொஞ்சம் எட்டிப் போட வேண்டும். உங்களுக்குப் பிரார்த்தனை வராது. வேறு ஏதாவது சொல்லுங்கள். சாயங்காலம் இரண்டு பாதத்தையும் திருப்பிப் பாருங்கள், சிராய்ப்போ கொப்புளமோ இருக்கக் கூடாது.

குழந்தை என் மடியில் தூங்குகிறது. ஒரு கையால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் அதனால்தான், வேறு காரணம் இல்லை.

கணக்குப்பிள்ளை


ஜூலை 15

கணக்குப்பிள்ளைக்கு,

நிஜ எண் கேட்டாய். எழுதிக்கொள். நான்காம் தேதி, 140 அடியில் வலி. பதினெட்டு நிமிஷத்தில் திரும்பிவிட்டேன். ஐந்தாம் தேதி, 155. ஆறாம் தேதி போகவில்லை, மனசு சரியில்லை. ஏழு, 150. எட்டு, 170. நேற்று 190, மொத்தம் இருபத்தாறு நிமிஷம், ஆறு தடவை நின்றேன்.

நடப்பது கஷ்டமாக இல்லை. நிற்பதுதான் கஷ்டம். நடுத்தெருவில் ஒரு ஆள் சும்மா நின்றால் உலகத்துக்குப் பொறுக்காது. முதல் நாள் ஷூ நாடா கட்டுகிற மாதிரி குனிந்தேன். எத்தனை தடவை கட்டுவது? அடுத்த நாள் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படித்தேன். தையல் வகுப்பு, பெண்களுக்கு மட்டும். அதையே மூன்று நாள் படித்தேன். நான்காவது நாள் அந்த வீட்டுக்காரர் கதவைத் திறந்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"யாரையும் இல்லைங்க. நின்னுட்டிருக்கேன்."

"அது தெரியுது. ஏன் நிக்கிறீங்க?"

"காலு வலிக்குது. வலி போனதும் போயிடுவேன்."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். உள்ளே போனார். போலீஸுக்குத்தான் போன் செய்யப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே போட்டார். "எனக்கு இடுப்பு. இதே கதைதான். காலையில போட்டு வச்சிடுறேன், உக்காந்துட்டுப் போங்க. தூக்கிட்டு மட்டும் போயிடாதீங்க" என்றார். அறுபது வயதுக்கு மேல் எல்லாரிடமும் ஒரு கதை இருக்கிறது, கேட்டைத் திறந்தால் வருகிறது.

பிரார்த்தனைக்குப் பதில் நான் நிறுத்தங்களைச் சொல்கிறேன். கண்டக்டர் மாதிரி வாய்விட்டு. "தண்ணித்தொட்டி இறங்கு, மில் கேட், பழைய ஆஸ்பத்திரி, நூலகம், டிப்போ கடைசி." மூச்சு அறாமல் டிப்போ வரை வந்தால் வேகம் சரி. ஒரு குழந்தை என் பின்னாலேயே வந்து, "தாத்தா, டிக்கெட்" என்றது.

உன் புடவைக் கதையைப் படித்தேன். எனக்கும் பயம்தான். என் பயம் ஜன்னலைப் பார்க்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.


ஜூலை 23

என்னங்க,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஆறாம் தேதி போகவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்தபோதுதான் நிம்மதியாக இருந்தது. பொய்க் கணக்கில் லீவு நாள் இருக்காது.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே வந்ததிலிருந்து நான் நடக்கவில்லை. குழந்தை பகலைத் தூங்கவும் இரவை விழித்திருக்கவும் வைத்திருக்கிறது. நாலாவது மாடி. இறங்கினால் ஏற வேண்டும் என்று இறங்குவதில்லை. ஏழு வாரத்தில் என் முழங்கால் பூட்டிக்கொண்டது. நேற்றுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தரையிலிருந்து எழ முடியவில்லை. பெண் வந்து கை கொடுத்தாள். உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன், எனக்கு ஒரு வரி எழுதிக்கொள்ளவில்லை.

கணக்குப்பிள்ளை


ஜூலை 29

கணக்குப்பிள்ளைக்கு,

இது டிரைவரின் உத்தரவு. நிறுத்தி வைத்த வண்டிக்குத்தான் பேட்டரி இறங்கும். பேத்தி பகலில் தூங்கும்போது நீ பாத்திரம் தேய்க்காதே, கீழே போ. மாப்பிள்ளைக்குக் கை இருக்கிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. முதல் நாள் பத்து நிமிஷம் போதும். நோட்டுப் போட்டு எனக்கு எழுது. மூன்று கட்டம்.

இங்கே 260 அடி. பெரிய சாலைக்கு வந்துவிட்டேன். ஒரு நோயாளிக்கு இன்னொரு நோயாளி சொல்கிறேன், முதல் பத்து நிமிஷம்தான் துரோகி. பிறகு சமாதானத்துக்கு வரும்.


ஆகஸ்ட் 9

கணக்குப்பிள்ளைக்கு,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்தேன்.

இன்று டிப்போ வரை போனேன். முழு வழியும். ஐந்து இடத்தில் நின்றேன், ஒன்றுகூட நிறுத்தம் இல்லை. நூலகத்துக்கு எதிரே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என் பழைய பஸ்ஸே என்னைத் தாண்டிப் போனது. புது டிரைவர் ஹாரன் அடித்தான்.

டிப்போ கேட்டில் அதே வாட்ச்மேன். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"டிரைவர் சார்! என்ன, நடந்து வர்றீங்க? வண்டி என்னாச்சு?"

"வண்டியெல்லாம் குடுத்தாச்சு. இப்ப டிரைவர் மட்டும்தான் ஓடுறான்."

உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார், "வீட்டம்மா எப்படி இருக்காங்க? நீங்க ரிட்டயர் ஆனதிலேருந்து இந்தப் பக்கமே காணோமே."

"அவளை உனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன சார் இப்படிக் கேக்குறீங்க? ஒம்பது வருஷம் தினம் காலையில அந்தப் பூட்டின கடை ஓரமா நின்னவங்களைத் தெரியாதா? அஞ்சரைக்கு உங்க வண்டி வெளிய வரும். அவங்க கண்ணை மூடிட்டு நிப்பாங்க. வண்டி வளைவு தாண்டின சத்தம் அடங்கினதும் கண்ணைத் திறந்து திரும்பிப் போயிடுவாங்க. ஒரு நாள் செம மழை. உள்ள வந்து நில்லுங்கம்மான்னேன். வேணாம்னுட்டாங்க. 'அவர்கிட்ட சொல்லிடாதீங்க, வேகத்தைக் குறைச்சுடுவாரு, டயம் தப்பிடும்'னாங்க. நானும் சொல்லலை. இப்பதான் டயம் ஒண்ணும் இல்லையே, அதான் சொல்றேன்."

தண்ணீர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் பிரேக் பிடிக்காமல் பஸ்ஸோடு பள்ளத்தில் இறங்கினேன். தலையில் எட்டுத் தையல். மறுபடி வேலைக்குப் போன நாளிலிருந்து நீ நடக்க ஆரம்பித்தாய். சர்க்கரை என்று சொன்னாய். நானும் நம்பினேன். நான் நாலரைக்குக் கிளம்புவேன், நீ அதன் பிறகு கிளம்புவாய். எங்கே போகிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகாவது கேட்டேனா? நீ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கும், மறுபக்கம் புரண்டு படுப்பேன்.

பஸ் ஓட்டுகிறவனுக்குக் கை காட்டாமல் நிற்கிற ஆள் கண்ணில் படமாட்டார். நீ ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூடக் கை காட்டவில்லையே.

அந்தக் கடை ஓரத்தில் போய் நின்று பார்த்தேன். ஒரு சாக்கடை, ஒரு உடைந்த குழாய். நிற்க நல்ல இடமே இல்லை.


ஆகஸ்ட் 16

என்னங்க,

அந்த வாட்ச்மேன் நல்ல மனிதர், ஆனால் ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாதவர். ஒன்பது வருஷம் காப்பாற்றியவரைக் குறை சொல்லக் கூடாது.

விபத்துக்குப் பிறகு முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானை உங்களால் போட முடியவில்லை. நான் போட்டுவிட்டேன். "கை வழுக்குது" என்றீர்கள். நீங்கள் போன பிறகு என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. டிப்போ வரை வேகமாக நடந்து வந்து பார்த்தபோது உங்கள் வண்டி வெளியே வந்துகொண்டிருந்தது. 'என் கண் எதிரே அனுப்பி வைக்கிறேன், பத்திரமாகத் திருப்பி அனுப்பு' என்று கேட்டுக்கொண்டேன். சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள். அதனால் மறுநாளும் போனேன். கடவுளிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை.

சொன்னால் சிரிப்பீர்கள், இல்லையென்றால் பயப்படுவீர்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு இரண்டும் ஆகாது.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உங்களுக்காக நடந்தேன், பலன் எனக்குக் கிடைத்தது. சர்க்கரை உண்மையாகவே இறங்கியது. தூக்கம் வந்தது. மாடிப்படியில் மூச்சு வாங்குவது நின்றது. நீங்கள் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எழுந்து வாசலில் நின்றேன். போக ஒரு இடமும் இல்லை. உள்ளே நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். கால் மட்டும் போகலாம் என்றது. எதிர்ப்பக்கமாகத் திரும்பி நடந்தேன். கல்யாணமான பிறகு எனக்காக நான் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. உங்களையும் கூப்பிட்டிருக்கலாம். ஒரு நாள் எழுப்ப வந்தேன். தூங்குகிற முகத்தைப் பார்த்து, முப்பத்தைந்து வருஷம் நாலு மணிக்கு எழுந்தவர், போகட்டும் என்று விட்டுவிட்டேன். அப்படி நான் பாவம் பார்த்த இரண்டு வருஷம்தான் உங்கள் காலில் போய் உட்கார்ந்துகொண்டது.

இனி கேளுங்கள். செப்டம்பர் மூன்றாம் தேதிக்கு வந்துவிடலாம் என்று டிக்கெட் விசாரிக்கச் சொன்னேன். விசாரித்த அன்றைக்கே பெண்ணுக்குக் காய்ச்சல், பால் கட்டிக்கொண்டது. இப்போது பரவாயில்லை. ஆனால் செப்டம்பர் கடைசி வரை இவளைத் தனியாக விட முடியாது. நீங்கள் தனியாகத்தான் போக வேண்டும். எனக்கு அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஆபரேஷன் என்று சொன்னாலும் ஜன்னலைப் பார்க்காதீர்கள். அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள், எனக்கு எழுத வேண்டும். என்ன சொன்னாலும் நான் வருவேன். தூக்கவும் செய்வேன்.

நான் தினமும் இருபது நிமிஷம் நடக்கிறேன். இறங்குவது இப்போது சுலபம், ஏறுவது இன்னும் சண்டைதான்.

கணக்குப்பிள்ளை


செப்டம்பர் 3

கணக்குப்பிள்ளைக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எழுதுகிறேன். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

காலில் பட்டை கட்டிக் காற்றடித்து ரத்த ஓட்டத்தைப் பார்த்தார்கள். பிறகு அந்த நீள வராந்தாவில் என்னை நடக்க விட்டு, ஒரு நர்ஸ் கையில் கடிகாரத்தோடு கூடவே வந்தாள். ஜூன் மாதம் பாதி வராந்தாவில் சுவரைப் பிடித்தேன், ஞாபகம் இருக்கிறதா? இன்று மூன்று தடவை போய் வந்தேன். நான்காவது தடவைதான் வலி தலைகாட்டியது. "ஐயா, கொஞ்சம் மெதுவாப் போங்க, என்னால முடியலை" என்றாள் அந்தப் பெண். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. பெருமைக்காகத்தான் எழுதுகிறேன்.

டாக்டரம்மா நோட்டை முதலிலிருந்து புரட்டினார். "இந்த முதல் வாரம் மட்டும் ரொம்ப அழகா இருக்கே" என்றார்.

"அது பொய்ங்க. அதுக்கு அப்புறம்தான் நிஜம்."

சிரித்தார். "கட்டம் யாரு போட்டது?"

"வீட்டுல."

"அவங்க வரலையா?"

"பேத்தியைப் பாத்துக்கப் போயிருக்கா. நான் கேட்டு எழுதணும். நீங்க கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க."

பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தேன். அவர் சொன்னது இது: 'இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். குழாய் குறுகினது குறுகினதுதான், ஆனால் கால் பக்கத்து வழியைப் பிடித்துக்கொண்டது. மாத்திரை தொடர வேண்டும். நடை மூன்று மாதத்தோடு முடிகிற பாடம் இல்லை, விட்டால் பழையபடி ஆகிவிடும். ஆறு மாதம் கழித்து வரவும்.' முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். அவருக்கு இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம் இருக்கிறது, உனக்குத் தெரியுமா?

நீ அவசரப்பட்டு வராதே. பெண்ணுக்கு உடம்பு தேறட்டும். செப்டம்பர் கடைசி என்றால் கடைசியாகவே இருக்கட்டும். இங்கே நான் சமாளித்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரை நடந்தே வந்தேன். இரண்டு இடத்தில் நின்றேன். வழியெல்லாம் உன்னிடம் எதை முதலில் சொல்வது, டாக்டரம்மா சொன்னதையா, நர்ஸ் சொன்னதையா என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். படி ஏறினேன். கதவைத் தட்டினேன்.

தட்டின பிறகுதான் சாவி என் சட்டைப் பையில் இருப்பது ஞாபகம் வந்தது. உனக்குக் காது கேட்காது என்று இரண்டாம் தடவை பலமாக வேறு தட்டியிருக்கிறேன். மாடி வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

சாவியை உடனே எடுக்கவில்லை. கால் வலிக்கவில்லை, நிற்க முடிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.